ஒட்டுப்பால் மேல் ஓர் இசைத்தட்டு

செனவாங்கில் எங்கள் தாமானுக்குப் பின்னால் தண்டவாளம் ஓடுகிறது. கொம்யூட்டர் போனால் வீட்டுக்குள் தெரியாது. சரக்கு ரயில் போனால் சமையலறை அலமாரியில் கிளாஸ்கள் கிணுகிணுக்கும். பதினோரு வருடமாக அந்தச் சத்தத்தோடுதான் தூங்கி எழுகிறோம். அதை ஒரு தொல்லையாக நான் நினைத்ததே இல்லை, அப்பாவின் இசைத்தட்டுகளைப் பெட்டியிலிருந்து இறக்கி, பழைய டர்ன்டேபிள் ஒன்றை வாங்கி, முதல் தட்டைப் போட்ட இரவு வரைக்கும்.

பாட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சரக்கு ரயில் வந்தது. ஸ்பீக்கரின் பெரிய கூம்பு, புதிதாக எந்தச் சத்தமும் எழுப்பாமல், மூச்சிரைப்பவர் நெஞ்சு போல உள்ளேயும் வெளியேயும் ஆட ஆரம்பித்தது. குரலில் மெல்லிய நடுக்கம் தட்டியது. ரயில் கடந்து போனதும் கூம்பு அடங்கியது. நான் ஊசியைத் தூக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தட்டில் இருக்கும் பள்ளம் ஒரு தலைமுடி அகலம். மெல்லிய ஒலிகளுக்கு அதற்குள் ஊசி அசையும் தூரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தட்டுக்கும் தனக்கும் நடுவே அசைவு நடக்கிறது என்பது மட்டும்தான் ஊசிக்குத் தெரியும். அந்த அசைவு பாடகியின் குரலா, தரை வழியாக ஏறி வந்த ரயிலா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆம்ப்ளிஃபையரும் இரண்டையும் ஒரே மாதிரி பெருக்கி அனுப்பிவிடும்.

ஆடியோ பிரியர்களிடம் கேட்டேன். ஆளுக்கொரு பதில் வந்தது. கூரான இரும்பு முனைக் கால்கள் வை என்றார் ஒருவர். ஜெல் மாதிரி மெத்தென்ற வட்டுகள் வை, அதற்குமேல் கருங்கல் பலகை போடு என்றார் இன்னொருவர். ஒரு கடையில் நான்கு கால்கள் கொண்ட ஒரு செட்டுக்கு நானூறு வெள்ளி சொன்னார்கள். எவ்வளவு எடை தாங்கும், எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே வேலை செய்யாது என்று கேட்டதற்கு, "பாஸ் இறுக்கமாகும், குரல் திறக்கும்" என்று பதில் வந்தது. வாங்காமல் வந்துவிட்டேன். எடையைக் கேட்காமல் அதிர்வுத் தடுப்பு விற்பது, காலை அளக்காமல் செருப்பு விற்பது போல.

இந்தத் தொல்லை எங்கள் குடும்பத்துக்கும் புதிதல்ல. லாபு பக்கம் தோட்டத்தில் நாங்கள் இருந்தது, கட்டைக் கால்களின் மேல் நின்ற பலகை லயத்து வீடு. மாற்றலாகிப் போன கிராணி ஒருவர் விற்ற ரேடியோகிராமை அப்பா தவணையில் வாங்கிப் போட்டிருந்தார். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். ஒருவர் ஓடினாலே பலகை குலுங்கி, ஊசி எகிறி, அடுத்த சரணத்தில் போய் விழும். கதைவசனத் தட்டு ஓடும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அது மட்டுமில்லை. லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே உத்திரம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா உரலில் மாவு இடித்தால் எங்கள் ஸ்பீக்கரில் 'டும் டும்' என்று கேட்கும்.

அப்பா ஒரு வைத்தியம் செய்தார். வீட்டோரம் நின்ற பால்மரத்தின் மங்கில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை எடுத்து வந்து, கத்தியால் நான்கு துண்டாக நறுக்கி, ரேடியோகிராமின் நான்கு கால்களுக்கும் அடியில் வைத்தார். வீடெல்லாம் ஒட்டுப்பால் நாற்றம். அம்மா சத்தம் போட்டார். ஆனால் பெரியம்மாவின் மாவு இடிப்பு அடங்கிவிட்டது. எங்கள் ஓட்டம்தான் அடங்கவில்லை. அதற்கு ஊசி முன்போலவே எகிறியது. ஏன் ஒன்று அடங்கி மற்றது அடங்கவில்லை என்பதற்கு அப்போது யாரிடமும் பதில் இல்லை.

மூன்றாவது வாரம் ரேடியோகிராம் ஒரு பக்கம் சாய்ந்தது. கால்கள் ஒட்டுப்பாலுக்குள் மெல்லப் புதைந்து பலகையைத் தொட்டுவிட்டன. பச்சை ரப்பர் அப்படித்தான். பாரம் வைத்தால் திரும்பி எழாது, நாள்கணக்கில் வழிந்துகொண்டே போகும். நம் ஊர் வெயிலில் பிசுபிசுத்தும் போகும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால்தான் அதன் நீண்ட இழைகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு, அழுத்தினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் பொருளாகும். சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டது அதைத்தான். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. தோட்டத்து வொர்க்‌ஷாப்பிலிருந்து டிராக்டர் டயர்த் துண்டு நான்கு வாங்கி வந்து மாற்றினார். அவை நாங்கள் தோட்டத்தை விட்டு வரும்வரை அப்படியே இருந்தன.

ரப்பரைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. அது பஞ்சு மாதிரி நசுங்கும் என்று நினைக்கிறோம். நசுங்காது. ரப்பரின் கன அளவைக் குறைப்பது ஏறக்குறையத் தண்ணீரை அமுக்கிச் சுருக்குவதற்குச் சமம். மேலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்குகிறது, அவ்வளவுதான். பிதுங்க இடம் கொடுத்தால் மென்மையாக இருக்கும். இடம் கொடுக்காவிட்டால் கல் மாதிரி நிற்கும். அகலமான மெல்லிய ரப்பர் பாயை டர்ன்டேபிளுக்குக் கீழே முழுசாக விரித்துவிட்டு, ஒரு மாற்றமும் தெரியவில்லையே என்று வருத்தப்படுபவர்கள் இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் ரப்பருக்கு ஓட வழியில்லை என்பதுதான் காரணம். அதே பாயைச் சின்னச் சின்னக் கட்டைகளாக நறுக்கி நான்கு மூலையில் வைத்தால் வேறு பொருள் போல வேலை செய்யும்.

அடுத்தது, எவ்வளவு அமுங்க வேண்டும் என்பது. இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு, பள்ளிக்கூடத்து வர்க்கமூலம் தெரிந்தால் போதும். பாரம் ஏற்றியதும் தாங்கி எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால், அந்த அமைப்பு தானாக ஆடும் வேகம் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 1 மி.மீ. இறங்கினால் ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ். 4 மி.மீ. என்றால் 8. 10 மி.மீ. என்றால் 5. அதிர்வு தடைபடத் தொடங்குவது அந்த எண்ணின் 1.4 மடங்குக்கு மேலேதான். அதற்குக் கீழே வருவது அப்படியே மேலே ஏறும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வருவது பெரிதாகி ஏறும். இந்தக் கணக்கு இரும்புச் சுருளுக்குச் சரியாக வரும். ரப்பர் அசைவின்போது இன்னும் கொஞ்சம் விறைத்துக்கொள்வதால் உண்மையான எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

அப்பாவின் ஒட்டுப்பாலுக்கு இங்கே பதில் கிடைக்கிறது. உலக்கை விழும் அதிர்ச்சி வேகமானது, ரப்பர் அதைத் தடுத்தது. பிள்ளைகளின் காலடி நொடிக்கு இரண்டு, மூன்று. அதைத் தடுக்க எந்த ரப்பர்க் கட்டையாலும் முடியாது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் முதலில் ஒரு தப்புச் செய்தேன், ஆசையால். பால் வெட்டிய குடும்பம் இல்லையா, ரப்பரில்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம். டவுனில் ஹார்ட்வேர் கடையில் வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கும் கட்டைகள் வாங்கினேன். வீட்டில் அம்மா அதில் ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், பிறகு தரையில் எறிந்தார். அது துள்ளி எழுந்தது. "நம்ம பால்தான் பாப்பா இது. செத்த ரப்பர் இப்படித் துள்ளாது" என்றார். இருபத்தாறு வருடம் விடியுமுன் நிரையில் நின்றவர். அந்தச் சோதனையில் விஷயமும் இருக்கிறது. துள்ளும் ரப்பர், வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கிறது. துள்ளாதது அதை உள்ளேயே வெப்பமாக்கி அடக்கிவிடுகிறது. சாதாரண இயற்கை ரப்பர் முதல் வகை.

டர்ன்டேபிளை எடை மெஷினில் வைத்தேன், ஏழு கிலோ. கீழே தோட்டத்து நடைபாதைக்குப் போடும் சிமெண்டுப் பலகை ஒன்று, 30-க்கு 30, ஐந்து சென்டிமீட்டர் கனம், பத்துக் கிலோ. மொத்தம் பதினேழு. நான்கு கட்டைகளுக்கு மேல் வைத்து அளந்தால் 3 மி.மீ. இறக்கம். வகுத்தால் 9 ஹெர்ட்ஸ். அங்கேதான் சிக்கல். டர்ன்டேபிளின் கையும் அதன் நுனியில் உள்ள ஊசிப் பகுதியும் சேர்ந்து தானாக ஆடும் வேகம் நல்ல அமைப்பில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ். என் கட்டைகள் அதே இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. அன்று இரவு சரக்கு ரயில் வந்தபோது கூம்பு முன்பைவிட அதிகமாக ஆடியது. விலையுயர்ந்த மெத்தென்ற வட்டுகளை வாங்கி வைத்துவிட்டு, 'ஏனோ சத்தம் குழைகிறது' என்று சொல்பவர்களில் சிலருக்கு இதுதான் நடந்திருக்கும்.

ரயிலைத் தடுக்க 5 ஹெர்ட்ஸுக்குக் கீழே போக வேண்டும். 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் செய்த ஏஆர் டர்ன்டேபிள் அப்படித்தான் போனது. தட்டும் கையும் ஒரே சட்டத்தில், அந்தச் சட்டம் மூன்று மென்மையான சுருள்களின் மேல். பாட்டு ஓடும்போது பெட்டியைச் சுத்தியலால் தட்டிக் காட்டுவார்களாம், ஊசி அசையாது. என்னுடையதில் அந்த ஏற்பாடு இல்லை. வெளியிலிருந்து நான் செய்ய முடிந்தது காற்றுதான். சின்னப் பிள்ளைகள் ஓட்டும் 12 அங்குலச் சைக்கிளின் உள் டியூப் ஒன்று, எட்டு வெள்ளி. அதில் கொஞ்சமே கொஞ்சம் காற்று, தொட்டால் தொளதொளவென்று இருக்கும் அளவு. அதற்கு மேல் பிளைவுட், அதற்கு மேல் சிமெண்டுப் பலகை, அதற்கு மேல் டர்ன்டேபிள். பலகையை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்து ஆட்டங்களை எண்ணினேன். நொடிக்கு நான்கு.

சரக்கு ரயில் வந்தது. கிளாஸ்கள் கிணுகிணுத்தன. கூம்பு அசையவில்லை.

அம்மாவிடம் சொல்லத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. சைக்கிள் டியூப் பெரும்பாலும் நம் பாலில் செய்வதில்லை. அது பியூட்டைல், பெட்ரோலியத்திலிருந்து வருவது. காற்றை விடாமல் பிடிக்கும், ஆட்டத்தை அடக்கும், தரையில் எறிந்தால் துள்ளாது. அம்மா சொன்ன அதே செத்த ரப்பர். இந்த வேலைக்கு அதுதான் சரி. மாதம் ஒருமுறை காற்று பார்க்க வேண்டும், வால்வைப் பக்கவாட்டில் எட்டும்படி விட வேண்டும். எடை ஒரு பக்கம் கூடினால் பலகை சாயும், எனவே மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் எந்தப் பக்கம் என்று பார்த்து டர்ன்டேபிளைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ரசமட்டத்தில் சரி செய்ய வேண்டும்.

வாங்கிய கட்டைகள் வீணாகவில்லை. அவை ஸ்பீக்கருக்குப் போயின, அங்கேதான் அவற்றின் இடம். என் ஸ்பீக்கர்கள் எட்டுக் கிலோ, பலகை மேசையில் நிற்பவை. மேசைப்பலகை சேர்ந்து அதிர்ந்து குரலில் ஒரு பெட்டிச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் எழுப்புவது 40, 50 ஹெர்ட்ஸுக்கு மேலே. 10 ஹெர்ட்ஸ் அருகில் ஆடும் ரப்பர் அதைத் தாராளமாகத் தடுக்கும். எடை குறைவென்பதால் கட்டைகளைப் பாதியாக நறுக்கினேன், அப்போதுதான் போதிய அளவு அமுங்கின. பாரம் போதாமல் விறைத்து நிற்கும் ரப்பரும், பாரம் தாங்காமல் பிதுங்கிக் கிடக்கும் ரப்பரும் ஒன்றுதான், இரண்டுமே வேலை செய்யாது. உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலாக அமுங்கினால் நல்லது. வார்னிஷ் அடித்த மரத்தில் ரப்பரை நேராக வைத்தால் கறை விழும், நடுவே ஒரு துண்டு தக்கை வையுங்கள். எண்ணெய் படவிடாதீர்கள், இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிவிடும்.

கூரான முனைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதிர்வை வெளியே விட்டு உள்ளே விடாத ஒருவழிப் பாதை என்று அவற்றை விற்கிறார்கள். அப்படி ஒரு வழி இல்லை. முனை கெட்டியான இணைப்பு, இரண்டு பக்கமும் கடத்தும். உயரமான ஸ்பீக்கர் கம்பளத்தின் மேல் தள்ளாடாமல் நிற்க அது உதவும். டைல்ஸ் தரையில் கீறல் விழும்.

இந்த ரப்பர்க் கட்டை விஷயத்தில் எனக்கு மனசு நிறைகிற ஒரு கதை உண்டு. லண்டனில் சென்ட் ஜேம்ஸ் பார்க் பாதாள ரயில் நிலையத்துக்கு நேர் மேலே அல்பனி கோர்ட் என்று ஓர் அடுக்குமாடி வீடு. 1966இல் கட்டினார்கள். கீழே ரயில், மேலே மனிதர்கள் தூங்க வேண்டும். முழுக் கட்டடத்தையும் இயற்கை ரப்பரின் மேல் உட்கார வைத்தார்கள். வெறும் கட்டையாக வைத்திருந்தால் அவ்வளவு பாரத்துக்குப் பிதுங்கியிருக்கும். எனவே ரப்பர், இரும்புத் தகடு, ரப்பர், இரும்புத் தகடு என்று அடுக்கி ஒட்டினார்கள். தகடுகள் பிதுங்கவிடாமல் பிடிப்பதால் மேலிருந்து வரும் பாரத்தை அது கெட்டியாகத் தாங்கும். பக்கவாட்டில் மட்டும் மென்மையாக நகரும். காதுக்குக் கேட்கும் ரயில் இரைச்சல் அதில் அடங்கிப்போகிறது.

அந்த அடுக்கு ரப்பரை ஆராய்ந்து வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் இங்கிலாந்தில் இருந்த, பின்னாளில் மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் என்று பெயர் பெற்ற அமைப்பினர். இன்று அது ஹெர்ட்ஃபர்டுக்கு அருகே பிரிக்கன்டன்பரியில் துன் அப்துல் ரசாக் ஆராய்ச்சி மையம். அதற்குச் செலவானது இங்கிருந்து ஏற்றுமதியான ரப்பரின் மேல் பிடித்த வரிப்பணம். அதே ஆட்கள் பிறகு ஆட்டத்தை அடக்கும் வகை இயற்கை ரப்பரை உருவாக்கினார்கள். 1985இல் கலிஃபோர்னியாவில் ரான்ச்சோ குக்கமோங்காவில் ஒரு நீதிமன்றக் கட்டடம் அப்படிப்பட்ட 98 தாங்கிகளின் மேல் எழுந்தது. நிலநடுக்கத்துக்காக அடித்தளத்திலிருந்து பிரித்து நிறுத்திய முதல் அமெரிக்கக் கட்டடம் அதுதான். நம் பினாங்கு இரண்டாவது பாலம், 2014இல் திறந்தது, அந்த வகை ரப்பரின் மேல்தான் நிற்கிறது.

பெரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் பால் வெட்டி, வாளி சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் ஊற்றியவர்களிடம் இது எங்கே போகிறது என்று யாரும் சொன்னதில்லை. டயர் ஆகும் என்று மட்டும் தெரியும். இன்று சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியெல்லாம் செம்பனை, இல்லையென்றால் புதுத் தாமான்கள். பால்மரம் பார்க்கத் தேட வேண்டியிருக்கிறது. அல்பனி கோர்ட் படத்தைக் கைப்பேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கி அடிப்பகுதியைத் தேடினார். "எங்கே இருக்கு, காணோமே" என்றார். உள்ளே இருக்கிறதம்மா, வெளியே தெரியாது என்றேன்.

செலவு செய்யுமுன் ஒரு சோதனை. தட்டைச் சுழலவிடாமல் ஊசியை மட்டும் இறக்கி வையுங்கள். வால்யூமை மெல்ல, மிக மெல்லக் கூட்டி, டர்ன்டேபிள் இருக்கும் மேசையை விரல் கணுவால் தட்டுங்கள். 'டொக்' என்று ஸ்பீக்கரில் கேட்கிறதா? தரையில் ஒருவரை நடக்கவிடுங்கள். கூம்பு ஆடுகிறதா? உறுமல் எழுந்தால் உடனே வால்யூமைக் குறைத்துவிடுங்கள். தட்டினால் கேட்கிறது, நடந்தால் இல்லை என்றால் ரப்பர் போதும். நடந்தால் ஆடுகிறது என்றால் இடத்தை மாற்றுங்கள். அறையின் மூலை வேண்டாம், பாஸ் அங்கேதான் கூடும். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில் வேண்டவே வேண்டாம். கண்ணாடி மூடியைப் பாட்டு ஓடும்போது கழற்றி வையுங்கள், அது காற்றில் வரும் சத்தத்தை வாங்கி அதிரும். ஆம்ப்ளிஃபையருக்கும் சிடி பிளேயருக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையர் என்றால் மட்டும் வால்வைப் பென்சிலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் நான்கு ரப்பர்க் கட்டை வைக்கலாம்.

ராஹாங் பக்கம் பழைய கடைவீட்டின் மாடியில் என் சித்தப்பா இருக்கிறார். பலகைத் தளம். என் ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு அவரும் டியூப் வாங்கி வைத்தார். பேரப்பிள்ளை நடந்து வந்ததும் டர்ன்டேபிள் படகு மாதிரி ஆடியதாம். "உன் ரயில் வேற, என் பேரன் வேற போலிருக்கே பாப்பா" என்று போன் செய்தார். அவர் வீட்டுச் சுவர் செங்கல், கனமானது, தளம் குலுங்கினாலும் அது குலுங்காது. டர்ன்டேபிளைச் சுவரிலேயே ஏற்றிவிட எல் வடிவ இரும்பு இரண்டும் ஒரு தடித்த பலகையும் போதும். சனிக்கிழமை போகிறேன். டிரில் மெஷினை இன்றைக்கே சார்ஜில் போட்டுவிட்டேன்.